முன்னே பின்னே அரை மீட்டர்

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏறினேன். பின்சீட்டில் ஏற்கெனவே மூன்று பேர். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்த பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். கழுத்தில் கம்பெனி அட்டை, மடியில் டிபன் பை. அவளுடைய சாம்பல் நிறச் சட்டையிலிருந்து அந்த வாசனை வந்தது. லேத்தில் இரும்பு சூடேறாமல் இருக்க ஊற்றுவார்களே, பால்போல வெளுத்த கூலண்ட், அதன் வாசனை. எத்தனை முறை துவைத்தாலும் துணியை விட்டுப் போகாது. ஒரகடம் வரைக்கும் நான் அந்தப் பெண்ணின் பக்கமே திரும்பவில்லை. திரும்பினால் உன் முகம் இருக்காதே என்று பயமாக இருந்தது.

நீ இறந்துபோய் இரண்டு மாதம் ஆகிவிட்டதாம். எனக்குத் தெரியாது. போன வாரம்தான் உன் அக்கா மகன் கூப்பிட்டுச் சொன்னான். உன் டைரியில் என் பழைய நம்பர்தான் இருந்ததாம். புது நம்பரை ஆய்வுக்கூடத்தில் கேட்டு வாங்கியிருக்கிறான். புது நம்பரை உன்னிடம் கொடுக்காமல் விட்டது யார் தப்பு என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் தப்புதான். நான் விசாகப்பட்டினத்துக்கு வேலைக்குப் போனதிலிருந்து வருஷத்துக்கு ஒரு வாழ்த்து அட்டை, இரண்டு போன் என்று நம் சிநேகிதம் மெலிந்துபோனது. மெலிந்ததே தவிர அறவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நம் முதல் சந்திப்பே சண்டைதான், நினைவிருக்கிறதா? 1991. எனக்கு இருபத்தைந்து வயது. சேலத்தில் பிறந்து வளர்ந்து, பத்தொன்பது வயதில்தான் முதன்முதலாகக் கடலைப் பார்த்தவள். அப்படிப்பட்டவள் கடலைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வந்திருந்தேன். கடல்மட்டம் தினமும் ஏறி இறங்குகிற ஓதம் எல்லோருக்கும் தெரியும். கடலுக்கு உள்ளேயும் ஓர் ஓதம் இருக்கிறது. மேலே கிடக்கும் சூடான தண்ணீருக்கும் கீழே கிடக்கும் குளிர்ந்த தண்ணீருக்கும் நடுவில் அது ஓடுகிறது. அதை அளக்க வெப்பமானிகளைக் கயிற்றில் கோத்துக் கடலுக்குள் இறக்க வேண்டும். அவற்றைப் பூட்டிவைக்கப் பத்து எஃகுக் குழாய்கள் தேவைப்பட்டன. என் பேராசிரியர் நான் போட்ட வரைபடத்தில் கையெழுத்துப் போட்டு என்னை மறைமலை நகருக்கு அனுப்பினார். இருபது பேர் வேலை செய்கிற சின்னப் பட்டறை. கோடியில் கண்ணாடி வைத்த ஓர் அறை. அங்கே வெள்ளைத் துணி விரித்த மேஜைக்குப் பின்னால், நீ.

செய்து முடித்த ஒவ்வொரு பொருளையும் அளந்து பார்த்துச் சரி, சரியில்லை என்று முத்திரை போடுவது உன் வேலை. என்னுடைய முதல் குழாயை அளந்துவிட்டு, வரைபடத்தையும் பார்த்துவிட்டு, நிமிராமலே சொன்னாய்:

"கொழா சரி. படம்தான் தப்பு மேடம்."

எனக்குச் சுருக்கென்றது. "படம் போட்டது நான். எதுல தப்பு?"

"இந்தக் காடி கீதே, ரப்பர் வளையம் உக்கார்ற எடம். ஆழம் ஜாஸ்தி. வளையம் உள்ள படுத்துக்கும். மூடிய இறுக்கினா நசுங்காது. நசுங்கலன்னா தண்ணி பூந்துடும்."

நான் விடவில்லை. புத்தகத்தைப் பார்த்துப் போட்டது என்றேன், பேராசிரியர் கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்றேன். நீ மேஜை டிராயரிலிருந்து ஒரு ரப்பர் வளையத்தை எடுத்துக் காடியில் வைத்து, மூடியைத் திருகி, மறுபடி கழற்றி என்னிடம் நீட்டினாய். வளையத்தில் அழுத்திய தடமே இல்லை. அங்குலத்தை மில்லிமீட்டராக மாற்றும்போது நான் செய்த தப்பு அது. முதலாளி அந்த நேரம் பார்த்து உள்ளே வந்து, "என்னம்மா பிரச்சனை?" என்று கேட்டார். நீ, "ஒண்ணுமில்ல சார், மேடம் ஒரு அளவ மாத்திக்கினு இருக்காங்க" என்று சொல்லிவிட்டு, என் பேனாவை என் பக்கம் தள்ளினாய். அன்றைக்கு என் மானத்தை நீ காப்பாற்றினாய். ஆனால் நான் நன்றி சொல்லவில்லை. கோபமாகத்தான் ரயிலேறினேன்.

அடுத்த இரண்டு மாதம் வாரத்துக்கு இரண்டு நாள் வந்தேன். மூன்றாவது வாரம் சாப்பாட்டு நேரத்தில், "இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று கேட்டாய். நான் ஒரு கண்ணாடிக் குப்பியில் பாதிக்கு நீல மை கலந்த தண்ணீரும் மீதிக்கு மண்ணெண்ணெயும் ஊற்றி, மூடி, மெல்லச் சாய்த்துக் காட்டினேன். மண்ணெண்ணெயின் மேல்மட்டம் அநேகமாக அசையவே இல்லை. நடுவில் நீலக் கோடு மட்டும் மலைபோல எழும்பி, மெதுவாக, மிக மெதுவாகப் புரண்டது.

"வங்கக் கடல்ல இது முப்பது மீட்டர்கூட ஏறி இறங்கும். கப்பல்ல போறவனுக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

நீ குப்பியை வாங்கிச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாய். "மேல ஒண்ணும் தெரியாது, உள்ளுக்குள்ள முப்பது மீட்டரா? எங்க மொதலாளி மாதிரி" என்றாய். சாதம் புரையேறி நான் இருமியபோது என் தலையில் தட்டிய கை உன்னுடையது. அன்றோடு மேடம் போய், "சேலம்" ஆனேன். நானும் உன்னை நீ என்று கூப்பிட ஆரம்பித்தேன். மூன்று வயது மூத்தவள் என்பதற்காக அக்கா என்று கூப்பிடட்டுமா என்று கேட்டதற்கு, "எனக்கே ஒரு அக்கா கீது, அதுங்கிட்ட படற பாடு போதும்" என்றாய்.

பத்து குழாய்களில் ஒன்றை நீ ஒதுக்கி வைத்தாய். காடியின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு கீறல். படகு காத்திருக்கிறது, மாற்றுக் குழாய் செய்ய நாளில்லை, இதையும் கொடு என்று கெஞ்சினேன். "கொடுக்கறேன். ஆனா முத்திரை போட மாட்டேன்" என்றாய். முத்திரை இல்லாமலே எடுத்துப்போனேன். தை மாதம் கயிற்றை மேலே இழுத்தபோது ஒன்பது குழாய்களின் உட்புறம் துளி ஈரமில்லாமல் காய்ந்திருந்தது. பத்தாவதைத் திறந்தால் கடல் தண்ணீர் கொட்டியது.

ஆனால் தை மாதத்துக்கு முன்னால் கார்த்திகை வந்ததே. அதைத்தான் சொல்ல வேண்டும்.

வங்கக் கடலில் ஒரு புயல் உருவாகி எங்கள் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு வேலையும் நடந்தது. புயல் கடல்நீரைத் தள்ளிக்கொண்டு வந்து கரையில் எவ்வளவு உயரத்துக்கு ஏற்றும் என்று கம்ப்யூட்டரில் கணக்குப் போடுகிற வேலை. கடலைச் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் காற்று எவ்வளவு, ஆழம் எவ்வளவு என்று கொடுத்தால், பல மணி நேரம் ஓடிக் கடைசியில் ஓர் உயரத்தைச் சொல்லும். அது பரிசோதனைக் கணக்கு. வெளியே யாருக்கும் சொல்லக்கூடாது என்பது பேராசிரியரின் கண்டிப்பான உத்தரவு. "நாம கணக்குப் போடறவங்க. எச்சரிக்கை கொடுக்கறது வேற ஆபீஸ் வேலை" என்பார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது.

காலை பத்து மணிக்கு நீ பட்டறை ஆபீஸ் போனிலிருந்து கூப்பிட்டாய்.

"சேலம், நான்தான். புயல் வருதாமே. எங்க அக்கா வூட்டுக்குத் தண்ணி வருமா?"

உன் அக்காவைச் செய்யூருக்கு அப்பால், உப்பங்கழியை ஒட்டிய ஓர் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்தவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கழிக்கரையில் மொத்தம் ஒன்பது வீடுகள் என்று நீ சொல்லியிருக்கிறாய்.

"ரேடியோவைக் கேளு. அதுல சொல்லுவாங்க."

"ரேடியோல கடலோரப் பகுதின்றான். எங்க அக்கா வூடு கடலோரம் இல்ல, கழியோரம். நீ சொல்லு."

"நான் சொல்லக்கூடாது. கம்ப்யூட்டர் கணக்குத்தான் இது, தப்பாப் போயிடலாம்."

"எந்த அளவுதான் தப்பாப் போவாது? இங்க பாரு. என்கிட்ட ஒரு பீஸ் வந்தா, நான் இருவது மில்லின்னு சொல்ல மாட்டேன். இருவது, முன்ன பின்ன இவ்ளோன்னு சொல்வேன். நீயும் அப்டி சொல்லு. தெரியாதுன்னு மட்டும் சொல்லாத. தெரியாதுன்னா நீ இன்னாத்துக்கு அங்க உக்காந்துக்கினு கீற?"

பேராசிரியர் அடுத்த அறையில் இருந்தார். கதவு திறந்துதான் இருந்தது. நான் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னேன். "ஒன்றரை மீட்டர். முன்னே பின்னே அரை மீட்டர். நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்குப் புயல் கரையைத் தொடும்னு கணக்கு. பௌர்ணமி வேற. அதே ஒன்பது மணிக்குத்தான் கடலும் ஏறி நிக்கும். ரெண்டும் சேர்ந்துக்கும்."

நீ மனசுக்குள் அளந்துகொண்டிருந்தாய். "பௌர்ணமித் தண்ணி அக்கா வூட்டு வாசப்படிக்கு ஒரு மொழம் கீழ நிக்கும். ஒன்றரை மீட்டர்ல ஒரு மொழம் போச்சுன்னா..." அப்புறம், "இடுப்பளவு" என்றாய். "வூட்டுக்குள்ள இடுப்பளவு." போன் வைக்கும் சத்தம் கேட்டது.

அன்று ஒரு பெரிய ஆர்டர் வெளியே போக வேண்டிய நாள். முதலாளி விடுப்புத் தரவில்லை. முத்திரைக் கட்டையை அவர் மேஜைமேல் வைத்துவிட்டு நீ நடந்துவிட்டாய். செங்கல்பட்டு, மதுராந்தகம், செய்யூர் என்று பஸ் மாறி, கடைசி ஐந்து மைல் உப்பு லாரியில் தொற்றிக்கொண்டு சாயங்காலம் நாலு மணிக்குக் கழிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தாய். அங்கே நடந்ததெல்லாம் பிறகு நீ சொல்லித்தான் எனக்குத் தெரியும். முதலில் யாரும் அசையவில்லை. உன் மாமா, "வருசா வருசம் புயலு வருது. எங்க வூட்டு வாசல எந்தப் புயலும் மிதிச்சதில்ல" என்றாராம். நீ விவாதம் பண்ணவில்லை. அக்காவின் நாலு பிள்ளைகளில் சின்னதை இடுப்பில் தூக்கிக்கொண்டு, உள்ளே தள்ளி மேட்டில் இருந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாய். "என் புள்ளைய எங்கடி தூக்கினு போற?" என்று அக்கா பின்னால் ஓடி வந்தாள். அவள் பின்னால் பிள்ளைகள், அவர்கள் பின்னால் பக்கத்து வீடு. இருட்டுவதற்குள் ஒன்பது வீடும் பள்ளிக்கூடத்தில் இருந்தது. கடைசியாக, வைதுகொண்டே மாமாவும் வந்தார்.

மறுநாள் விடிந்ததும் ஆய்வுக்கூடத்துக்குச் செய்தி வந்தது. புயல் கடலில் வேகம் குறைந்து நின்று நின்று வந்துகொண்டிருந்தது. ஒன்பது மணிக்கு அது கரைக்கு வரப்போவதில்லை. இதை உன்னிடம் சொல்ல எனக்கு ஒரு வழியும் இல்லை. அந்தக் கழிக்கரையில் போன் ஏது?

ஒன்பது மணிக்கு வழக்கமான பௌர்ணமித் தண்ணீருக்கு மேல் ஒரு சாண் ஏறியது. அவ்வளவுதான். மாமா எல்லோர் முன்னாலும், "எங்கம்மா உங்க மேடத்தோட தண்ணி? பஸ்ஸ வுட்டுடுச்சா?" என்று கேட்க, பள்ளிக்கூடமே சிரித்ததாம். ஆண்கள் திரும்பிப்போகக் கிளம்பினார்கள். உப்பு அம்பாரத்தின் மேல் வேய்ந்த ஓலையைக் கயிறு போட்டு இறுக்க வேண்டும் என்றார் மாமா. நீ வாசலில் குறுக்கே நின்றாய். "சாயங்காலம் வரைக்கும் பொறுங்க. அளவு தப்பாது. நேரம்தான் முன்ன பின்ன." யாரோ உன்னைப் பைத்தியம் என்றார்கள். ஆனாலும் காற்று வலுத்துக்கொண்டே வந்ததால் ஒருவரும் போகவில்லை.

நீ மட்டும் மறுபடி போனாய். விடியும் முன்பே ஒரு முறை போய், உப்பள ஆபீசுக்கு எதிரே இருந்த மதகின் சிமெண்ட் தூணில் உன் கைப்பையில் எப்போதும் கிடக்கும் ஸ்டீல் டேப்பைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டு வந்திருந்தாய். ஆபீஸ் கட்டடம் உயரமான மேடையில் இருந்தது. அதன் ஜன்னலுக்குள் காவல்காரரோடு உட்கார்ந்து, ஒன்பதுக்கும் ஒன்பதரைக்கும் நடுவில் மட்டும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வந்துவிட்டு, காலை ஏழு மணியிலிருந்து அரை மணிக்கு ஒரு தடவை தண்ணீர் டேப்பில் எங்கே நிற்கிறது என்று பார்த்து எழுதினாய். எதற்கு எழுதினாய் என்று நான் பிறகு கேட்டபோது, "நீ ஒரு அளவு சொன்ன. வந்த பீஸ அளந்து பாக்க வேணாமா?" என்றாய். அந்தக் காற்றிலும் மழையிலும் உனக்கு அது தோன்றியிருக்கிறது.

பகல் ஒரு மணிக்குமேல் கடல் வற்றிக்கொண்டிருக்க வேண்டும். மூன்று மணிதான் அன்றைய வத்தத்தின் அடிமட்டம். ஆனால் டேப்பில் எண் ஏறிக்கொண்டே போனது. காவல்காரர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "வத்த நேரத்துல ஏறுது பாரு. இன்னா கூத்து இது? நாப்பது வருசமா இங்க கீறேன், பாத்ததில்ல" என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். மூன்று மணிக்குத் தண்ணீர் உன் அக்கா வீட்டு வாசற்படியைத் தொட்டது. படியை நனைத்தது. உள்ளே ஒரு சொட்டுக்கூடப் போகவில்லை. நாலரைக்கெல்லாம் இறங்கிவிட்டது.

மறுநாள் ஒன்பது குடும்பமும் காய்ந்த தரைக்குத் திரும்பின. உப்பு அம்பாரத்தின் ஓலை மட்டும் பறந்துபோய், பாதி உப்பு மழையில் கரைந்து ஓடியிருந்தது.

நாலு நாள் கழித்து நீ ஆய்வுக்கூடத்துக்கே வந்தாய். வாசல் காவலர் உள்ளே விடவில்லை. வேப்பமரத்தடியில் நின்றோம். நான் அழுதேன். "நான் சொல்லியிருக்கவே கூடாது. என் கணக்கு தப்பு" என்றேன். நீ ஒரு நோட்டுத் தாளை நீட்டினாய். இருபத்தொரு எண்கள், நேரத்தோடு. பட்டறையில் எழுதுவது போலவே, அரை சென்டிமீட்டர் வரைக்கும்.

"அலை ஆடிக்கினே இருந்துச்சு. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு பாத்து நடுவுல போட்டேன். அது சரிதானே?"

அது சரிதான். அந்தக் கழியில் அதுவரை ஒருவரும் ஒரு புயலையும் அளந்ததில்லை. அன்று மாலையே உன் எண்களிலிருந்து அன்றைய ஓதத்தின் உயரத்தைக் கழித்தேன். மீதி நின்றது ஒரு மீட்டர் நாற்பது. புயல் தள்ளிவந்த தண்ணீர், நான் உனக்குச் சொன்ன அளவுக்குள்தான் இருந்தது. கடல் வற்றியிருந்த நேரத்தில் வந்ததால் அது படியோடு நின்றது. ஒன்பது மணிக்கு வந்திருந்தால் நீ மனக்கணக்குப் போட்டபடியே இடுப்பளவு.

உன்னிடம் இதைச் சொன்னபோது தலையாட்டினாய். "அப்ப பீஸு சரி" என்றாய்.

என் ஆய்வேட்டில் உன் இருபத்தொரு எண்களும் ஓர் அட்டவணையாக வந்தன. அதற்குக் கீழே உன் பெயரை எழுதினேன். பேராசிரியர் அதை அடித்துவிட்டு, "உள்ளூர்ப் பார்வையாளர் ஒருவர்" என்று எழுதினார். பள்ளிப் படிப்பை முடிக்காதவள் எடுத்த அளவு என்று தெரிந்தால் தேர்வாளர்கள் ஏற்கமாட்டார்கள் என்றார். நான் மறுத்துப் பேசவில்லை. புத்தகமானதும் உனக்கு ஒரு பிரதி கொண்டுவந்து அந்த வரியைத் தமிழில் படித்துக் காட்டினேன், வேறு வழியில்லாமல். நீ யோசித்துவிட்டு, "உள்ளூரா? நான் ஒரகடம்டி. அது செய்யூரு. அதுவும் தப்பா எழுதி வெச்சிக்கிற" என்றாய். நான் சிரித்தேன். ரயிலில் சிரிப்பு நின்றுவிட்டது.

பன்னிரண்டு வருஷம் கழித்து, பழைய புயல்களின் அளவுகளையெல்லாம் ஒரே தொகுப்பாகக் கொண்டுவரும் வேலை என் பொறுப்பில் வந்தபோதுதான் அதைத் திருத்த முடிந்தது. அளந்தவர் என்ற இடத்தில் உன் முழுப் பெயர். தபாலில் அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். "எழுத்து ஒண்ணு வுட்டிருக்கு பாரு" என்றாய். பதறிப்போனேன். "சும்மா சொன்னேன்" என்று நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

இதற்கு நடுவே உன் அக்கா குடும்பம் ஒரகடத்துக்கு வந்து உன் வீட்டிலேயே தங்கிவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக என்று சொன்னாய். நான் வந்தபோதெல்லாம் அந்தச் சின்ன வீட்டில் யாராவது ஒரு பிள்ளை உன் மடியில் இருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "வூட்ல நாலு பசங்க கீது, எனக்கு இன்னாத்துக்குக் கல்யாணம்?" என்பாய். ஏரிக்கரைச் சாலையில் பெரிய கம்பெனிகள் வந்த பிறகு, முதலாளி திட்டிவிட்டுத் திரும்பச் சேர்த்துக்கொண்ட பட்டறையை விட்டு, அங்கே ஒன்றில் தரச் சோதனைப் பிரிவில் சேர்ந்தாய். ஷிப்ட், ஓ.டி. என்று ஓடினாய். நான்கு பிள்ளைகளும் படித்தார்கள். எனக்கு எல்லாம் நல்லபடியாகவே தெரிந்தது.

நேற்று உன் வீட்டு வாசலில் இறங்கினேன். உன் அக்கா கதவைத் திறந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது. உன் படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. டீ போட்டுக் கொடுத்துவிட்டு எனக்கெதிரே தரையில் உட்கார்ந்தாள். நான் டம்ளரைக் கீழே வைத்ததும் கேட்டாள்:

"மேடம், ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே? அன்னிக்கி நீங்க சொன்னது நெசமா, பொய்யா?"

எனக்குப் புரியவில்லை. அவள்தான் சொன்னாள். உப்பு கரைந்ததற்கு உப்பளக்காரர் மாமாவைத்தான் பிடித்துக்கொண்டாராம். காவலுக்கு நிற்க வேண்டியவன் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்திருந்தான் என்று மேஸ்திரி வேலையைப் பிடுங்கிக்கொண்டார். அந்த வேலையோடு கழிக்கரை வீடும் போனது. போக இடமில்லாமல்தான் ஆறு பேரும் உன் வீட்டுக்கு வந்தார்கள். மாமா சாகிற வரைக்கும், எப்போது மழை தூறினாலும், உன் காதில் விழும்படி, "தண்ணி வருமான்னு மேடத்தக் கேளு" என்று சொல்வாராம். நீ காதில் வாங்காதது போலச் சோற்றைப் போடுவாயாம்.

ஒரு தடவைகூட நீ என்னிடம் இதைச் சொல்லவில்லை. வேப்பமரத்தடியில் நான் அழுதுகொண்டு நின்றபோதே மாமாவின் வேலை போய்விட்டிருந்தது. உன் கையில் அந்தத் தாள் மட்டும்தான் இருந்தது, நீ அதைத்தான் என்னிடம் கொடுத்தாய்.

"அவ சொல்வா மேடம். கணக்கு சரிதான்க்கா, நேரம்தான் தள்ளிப்போச்சுன்னு. நான் நம்பல. சிநேகிதிய வுட்டுக்குடுக்காம பேசறான்னு நெனச்சேன். முப்பது வருசம் ஒரே வூட்ல, அவ சம்பாத்தியத்துல தின்னுக்கினு, உள்ளுக்குள்ள ஒரு கோவம் இருந்துக்கினே இருந்துச்சு."

நான் கைப்பையிலிருந்து காகிதம் எடுத்துக் கழியை வரைந்தேன். வாசற்படியை வரைந்தேன். காலை ஒன்பது மணிக்குப் பௌர்ணமித் தண்ணீர் நின்ற இடத்தில் ஒரு கோடு, மூன்று மணிக்கு வற்றி நிற்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு. இரண்டின் மேலும் அதே ஒரு மீட்டர் நாற்பதை ஏற்றிக் காட்டினேன். மூன்று மணிக் கோடு படியைத் தொட்டு நின்றது. ஒன்பது மணிக் கோடு வீட்டுக்குள் சுவரில் ஏறியது. "இவ்வளவு" என்று எழுந்து நின்று என் இடுப்பில் கை வைத்துக் காட்டினேன்.

அக்கா அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"காலைல ஒம்போது மணிக்கா?" என்றாள். "அந்நேரம் அவரு உப்பளத்துக்குப் போயிருப்பாரு. பெரிய பசங்க மூணும் பள்ளிக்கூடம். நான் நல்ல தண்ணி எடுக்க ஒரு மைல் நடக்கணும். சின்னவன, நடக்கத் தெரியாத புள்ள, கதவ சாத்திட்டு தூளியில போட்டுட்டுத்தான் போவேன். தெனமும் அப்டித்தான் மேடம். தூளி எம்மாம் ஒயரம்? முட்டிக்கு மேல ஒரு சாண்."

நான் வரைந்த காகிதத்தை எடுத்து மடித்து உன் படத்துக்குக் கீழே வைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. முதல் ஷிப்ட் முடிந்து சின்னவன் வந்தான். எனக்குப் போன் செய்தவன் அவன்தான். முப்பத்துமூன்று வயது, முன்வழுக்கை, லைனில் சூப்பர்வைசர். "எப்ப வந்தீங்க மேடம்? சாப்ட்டீங்களா?" என்று கேட்டுக்கொண்டே ஷூவைக் கழற்றினான். அக்கா எழுந்து போய் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இன்னாம்மா ஆச்சு?" என்று அவன் என்னைப் பார்த்தான்.

கிளம்பும்போது அக்கா வாசல்வரை வந்து என் கையைப் பிடித்தாள். "நீங்க எழுதறவங்கதானே. அவளுக்கு ஒண்ணு எழுதுங்க மேடம். அவ இருக்கறப்ப நான் சொல்லல" என்றாள். என்ன எழுத என்று கேட்டேன். சொன்னாள். ஸ்டேஷன் வரைக்கும், ரயிலிலும், வீட்டுக்கு வந்து இதை எழுதுகிற இந்த நேரம் வரைக்கும் அதை ஒரு வார்த்தை குறையாமல் சுமந்துகொண்டிருக்கிறேன். அவள் சொன்னது இதுதான்:

"கோவமா இருந்துட்டேன்டி, மனசுல வெச்சிக்காத. நீ இடுப்புல தூக்கினு போனியே, அவன் நல்லா கீறான். அவனுக்கு ரெண்டு கொழந்தைங்க. பெரியவளுக்கு உன் பேருதான் வெச்சிருக்கு."